பதினாறாம் கட்டம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சாலை வளைய வேண்டுமானால் அதற்கு ஆறோ ரயில் பாதையோ குறுக்கே வர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் அது நூல் பிடித்தாற்போலக் கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ போய்க்கொண்டே இருக்கும். மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை. அதுவும் நேர்கோடுதான். அக்டோபரில் நான் போனபோது இருபுறமும் மக்காச்சோளம் காய்ந்து வெளிறி நின்றது. பாதி வயல்களில் அறுவடை முடிந்து தட்டைக் கட்டைகள் மட்டும் இருந்தன. வானம் அத்தனை பெரிதாக இருக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

ஏம்ஸ் நகரில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் என் தங்கை மகள் படிக்கிறாள். கார் அவளுடையது, ஓட்டியதும் அவள். "மாமா, இன்டர்ஸ்டேட்ல போனா லாரியும் பெட்ரோல் பங்க்கும்தான் தெரியும். முப்பதுல போவோம்" என்றாள். யு.எஸ். 30 என்ற அந்த நெடுஞ்சாலை, கிழக்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் கிளின்டனில் தொடங்கி மேற்கே மிசூரி ஆறு வரை, அயோவாவை ஏறக்குறைய 330 மைலுக்குக் குறுக்கே கடக்கிறது. எட்டுப் பத்து மைலுக்கு ஓர் ஊர். அந்தக் காலத்து நீராவி ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், குடியானவர் வண்டி கட்டிக்கொண்டு தானியத்தை ரயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஊர்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை வகுத்தவை இந்த இரண்டு தேவைகளும்தான். ஊர் வருவதை முதலில் அறிவிப்பது தண்ணீர்த் தொட்டி. அப்புறம் வெள்ளையாக உயர்ந்து நிற்கும் தானியக் களஞ்சியம், அங்கே அதை எலிவேட்டர் என்பார்கள். பிறகு பச்சைப் பலகையில் ஊர்ப் பெயரும் மக்கள்தொகையும். அதன் பக்கத்திலேயே பல ஊர்களில் இன்னொரு பலகை: இந்த ஊர்ப் பள்ளி இன்ன ஆண்டு இன்ன விளையாட்டில் மாநில வெற்றி பெற்றது என்று. முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய வெற்றியானாலும் பலகைக்குப் புதிதாக வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பக்கச் சாலை ஒன்றில் திரும்பி வடக்கே போனபோது, அதுவரை நேராக வந்த சாலை சட்டென்று சில கஜம் பக்கவாட்டில் விலகி, மறுபடி நேராகப் போனது. ஆறும் இல்லை, மேடும் இல்லை. கேட்டதற்கு, "பூமி உருண்டைன்னு இங்க கார் ஓட்டினாத்தான் மாமா தெரியும்" என்று சிரித்தாள். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருகின்றன. உருண்டையின் மேல் சரிசமமான சதுரங்களை ஒட்டிக்கொண்டே போக முடியாது. ஆகவே நில அளவைக்காரர்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து சதுரங்களைப் புதிதாகத் தொடங்கினார்கள். சாலை விலகும் இடம் அந்தத் திருத்தக் கோடு.

அந்தச் சதுரங்களின் கதைதான் என்னை இந்தச் சாலை முழுக்க ஆட்டிவைத்தது. 1785-இல், அமெரிக்கா விடுதலை பெற்று இரண்டு வருடம்கூட நிறையாத நேரத்தில், கஜானா காலியாக இருந்த அந்தப் புதிய அரசு ஒரு நில ஆணை போட்டது. மேற்கே உள்ள நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு மைல் சதுரமாக 36 கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டம் 640 ஏக்கர். கட்டங்களை ஏக்கர் கணக்கில் விற்றுக் கடனை அடைக்கலாம். ஆனால் பதினாறாம் எண் கட்டம் மட்டும் அந்தந்த வட்டாரத்தின் பொதுப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கப்பட வேண்டும். குடியேறும் குடும்பம் எது, அதில் எத்தனை குழந்தைகள், எதுவும் தெரியாது. குழந்தை பிறக்கும் முன்பே அதன் பள்ளிக்கு மானியம் எழுதிவிட்டார்கள். 1846-இல் அயோவா மாநிலமானபோது அந்தப் பதினாறாம் கட்டங்கள் பள்ளிக் கணக்கில் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் விற்று, பணத்தைப் பள்ளி நிதியில் போட்டார்கள். சாலைகளோ அந்தக் கட்டங்களின் விளிம்பிலேயே விழுந்தன. ஆக, சாலையும் பள்ளியும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை.

பூன் மாவட்டத்தில் அப்படி ஒரு பதினாறாம் கட்டத்தைத் தொலைபேசி வரைபடத்தில் தேடிப் பிடித்து, சரளைச் சாலையில் புழுதி பறக்கப் போய் நின்றோம். அறுத்த வயல். ஓரத்தில் ஒரு வரிசைச் சோளத்தட்டை காற்றில் உரசிக்கொண்டிருந்தது. கீழே சிதறிக் கிடந்த கதிர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மணிகள் பற்களைப் போல இறுகி, நகத்தால் கீறினாலும் இறங்காத கெட்டி. கறுப்பு மண், கையில் எடுத்தால் ஈரமாக ஒட்டியது. பார்ப்பதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. அவ்வழியே வந்த பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கிராமச் சாலையில் எதிர்ப்படும் எல்லோருக்கும் அந்த ஒற்றை விரல் வணக்கம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அயோவாவில் 12,000-க்கும் மேற்பட்ட ஓரறைப் பள்ளிகள் இருந்தன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் அத்தனை இல்லை. எந்தக் குழந்தையும் இரண்டு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கணக்கு. ஓர் அறை, நடுவில் கணப்பு, ஒரே ஆசிரியை, பெரும்பாலும் இருபது வயது தாண்டாத பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் அதே அறையில். காலையில் முதலில் வந்து கணப்பை மூட்டுவதும் அவள் வேலைதான். மாநிலத்தின் வடகிழக்கில் க்ரெஸ்கோவுக்கு அருகே அப்படி ஒரு பள்ளி இன்றும் காக்கப்பட்டு நிற்கிறது. வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் எட்டாம் வகுப்பு வரை படித்த இடம். கோதுமையில் அவர் செய்த வேலை நம் வயல்களையும் தொட்டது. அவர் நிறுவிய உலக உணவுப் பரிசின் தலைமையிடம் இன்று டெமாய்ன் நகரில் இருக்கிறது. 1987-இல் அந்தப் பரிசு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் அந்த மண்ணைக் கையில் எடுத்த பிறகு ஓரறைப் பள்ளி என்பது எனக்கு வெறும் தகவலாக இல்லை.

அந்த மண்தான் சாலைக்கு எதிரி. மழை பெய்தால் அயோவாவின் கறுப்பு மண் வண்டிச் சக்கரத்தை அச்சு வரை இழுத்துக்கொள்ளும். 1913-இல் கார்ல் ஃபிஷர் என்ற இண்டியானாக்காரர், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்கா வரை 3,389 மைலுக்கு ஒரு கார்ச் சாலை என்று அறிவித்து, ஆபிரகாம் லிங்கனின் பெயரைச் சூட்டியபோது, இன்றைய முப்பதின் முன்னோடியான அது அயோவாவில் பெரும்பாலும் வெறும் மண் பாதை. அந்தச் சாலைக்காக அமைந்த சங்கத்திடம் முழுவதையும் போடப் பணமில்லை. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒரு மைலுக்கு மட்டும் கான்கிரீட் போட்டுக் காட்டினார்கள். விதை மைல் என்று அதற்குப் பெயர். சேற்றில் தத்தளித்து வருகிறவர் அந்த ஒரு மைலில் வழுக்கிக்கொண்டு போவார். மறுபடி சேற்றில் இறங்கும்போது, தன் ஊருக்கும் இது வேண்டும் என்று தோன்றிவிடும். மவுண்ட் வெர்னனுக்கும் சீடர் ரேப்பிட்ஸுக்கும் நடுவே முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அப்படி ஒரு விதை மைல் போட்டார்கள். மக்களைக் கேட்க வைப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வாகன அணியை இந்த வழியாக அனுப்பியது. போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. அணியில் இருந்த இளம் அதிகாரி ஐசன்ஹோவருக்கு இந்தப் பக்கம் சொந்தமும் உண்டு. அவர் மனைவி மேமி பிறந்தது இதே சாலையில் உள்ள பூன் ஊரில். அந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவரான பின் 1956-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. இதற்குத் தெற்கே இணையாகப் போகும் எண்பதாம் எண் சாலை, முப்பதில் ஓடிய தூரத்து வண்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த வண்டிகளை நம்பி வைத்திருந்த உணவகங்களும் விடுதிகளும் ஒவ்வொன்றாக மூடின. கோலோ என்ற ஊரில், இரண்டு பழைய நெடுஞ்சாலைகள் சந்தித்த முனையில், ஒரு பெட்ரோல் நிலையத்தையும் உணவகத்தையும் விடுதியையும் ஊர்க்காரர்கள் பழையபடி செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் பம்பின் கண்ணாடி உருண்டை துடைத்துப் பளபளவென்று இருந்தது.

டேமாவில் ஒரு சின்ன ஓடையின் மேல் 1915-இல் கட்டிய பாலம் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். அதன் கைப்பிடிச் சுவரே எழுத்துகள். கம்பிக்கோ தூணுக்கோ பதிலாக 'லிங்கன் ஹைவே' என்ற ஆங்கில எழுத்துகளையே கான்கிரீட்டில் வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் என் இடுப்பளவு. விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஓரங்கள் மழுங்கி, உள்ளிருக்கும் கூழாங்கல் தட்டுப்படுகிறது. தங்கள் ஊர் வழியாக அந்தச் சாலை போகிறது என்ற பெருமையை அத்தனை பேருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு சிற்றூர் துடித்திருக்கிறது.

டேமாவை ஒட்டி மேற்கே இருப்பது மெஸ்க்வாக்கி மக்களின் குடியிருப்பு. அரசு ஒதுக்கிய பூர்வகுடிப் பகுதி அல்ல அது. தங்கள் நிலத்திலிருந்து கான்சாஸுக்கு விரட்டப்பட்ட இந்த மக்கள், திரும்பி வந்து, 1857-இல் சொந்தப் பணத்தைக் கொடுத்து 80 ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். தங்களுடையதாக இருந்ததையே காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று அவர்கள் கையில் 8,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. 1785-இன் சதுரங்களைப் பற்றி நான் எத்தனை வியந்தாலும், அந்தச் சதுரங்கள் இவர்கள் வாழ்ந்த மண்ணின் மேல் போடப்பட்டவை என்பதை மறைத்து எழுத என்னால் முடியாது. பக்கத்து ஊரான டொலீடோவில் அரசு ஒரு விடுதிப் பள்ளி திறந்து, மெஸ்க்வாக்கிப் பிள்ளைகளின் மொழியையும் வழக்கத்தையும் மாற்றப் பார்த்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்து நின்றார்கள். சில வருடங்களில் பள்ளி மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், அதே மொழியில் ரகசியச் செய்தி அனுப்ப ராணுவம் இந்தக் குடியிருப்பிலிருந்து எட்டுப் பேரை எடுத்துக்கொண்டது. இன்று குடியிருப்புக்குச் சொந்தப் பள்ளி உண்டு, மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. மெஸ்க்வாக்கி மொழியும் வரலாறும் அங்கே பாடம். முப்பதாம் எண் சாலையில் நான் பார்த்த பள்ளிகளில் என் மனத்தில் முதலிடம் இதற்குத்தான்.

நல்ல சாலை வந்ததும் ஓரறைப் பள்ளிகளின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. சேறு இருந்த வரை குழந்தை நடக்கிற தூரத்தில் பள்ளி இருந்தாக வேண்டும். சரளை போட்டு, பிறகு கான்கிரீட் போட்டு, பஸ் ஓட முடிந்த பிறகு, பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறை எதற்கு, ஊரில் ஒரு பெரிய கட்டடம் போதுமே என்ற பேச்சு வந்தது. பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் பிறந்த ஃபிராங்க் சைர் என்ற கல்வியாளர், 1939-இல் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டி, பள்ளி பஸ்ஸுக்கு நாடு முழுக்க ஒரே விதிகளை வகுத்தார். விடியற்காலை அரையிருட்டில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அந்த மஞ்சள் நிறத்தைத் தேர்ந்ததும் அங்கேதான். ஒரு காலை மார்ஷல்டவுனுக்கு அப்பால் அந்த மஞ்சள் வண்டிக்குப் பின்னால் நாங்கள் போனோம். பண்ணை வீட்டு வாசலில் நின்று, சிவப்பு விளக்கு மின்ன, பக்கவாட்டில் 'நில்' பலகையை நீட்டியது. எதிரே வந்த பதினெட்டுச் சக்கரத் தானிய லாரி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நாங்களும் நின்றோம். பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நடந்து வந்து ஏறும் வரை சாலையில் எதுவும் நகரவில்லை. இந்த மாநிலத்தில் பதினாலரை வயதில் பள்ளிக்குப் போய்வர ஓட்டுநர் உரிமம் வாங்கலாம் என்று தங்கை மகள் சொன்னபோது நம்பவே முடியவில்லை. பள்ளி வாசலில் வரிசையாக நின்ற பிக்கப் வண்டிகளையும், அவற்றிலிருந்து இறங்கிய மீசை முளைக்காத முகங்களையும் பார்த்து நம்பினேன்.

1950-களின் தொடக்கத்தில் அயோவாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இப்போது 325 அளவில் இருக்கின்றன. முதலில் வயல்வெளி ஓரறைப் பள்ளிகள் ஊர்ப் பள்ளியில் கரைந்தன. பிறகு, பண்ணைகள் பெரிதாகி, வீடுகள் குறைந்து, 1980-களில் கடன் நெருக்கடியில் ஏராளமான குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போனபின், ஊர்ப் பள்ளிகளே ஒன்றோடொன்று சேர வேண்டியதாயிற்று. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநில அரசு பணம் தருகிறது. தலை குறைந்தால் பணம் குறையும். மேல்நிலை உன் ஊரில், நடுநிலை என் ஊரில் என்று பேசி முடிப்பார்கள். குழுவின் நிறம் எது, சின்னம் எது என்பதில் கூட்டங்கள் நள்ளிரவு தாண்டும் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. கடைத்தெருவில் மளிகைக் கடை போனது, வங்கிக் கிளை போனது. மிஞ்சியிருப்பது தேவாலயம், எலிவேட்டர், கேசீஸ் கடை, பள்ளி. (கேசீஸ் 1968-இல் இதே சாலையில் பூனில் தொடங்கியது. பெட்ரோலும் பாலும் பீட்சாவும் ஒரே இடத்தில். விடியற்காலை ஆறு மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் காபியோடு கூடுவதும் அங்கேதான்.) இந்த நான்கில் பள்ளி போய்விட்டால் இளம் குடும்பம் எதற்காக அந்த ஊரில் வீடு வாங்கும்?

சேர்ந்த பள்ளிகளின் பெயரில் சேர்ந்த ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. மார்ஷல்டவுனுக்கு வடக்கே பீமன், கான்ராட், லிஸ்கோம், யூனியன், விட்டன் என்ற ஐந்து ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பி.சி.எல்.யு.டபிள்யூ.' என்று ஒரு பள்ளி. அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளுக்குள் ஒரு பெரிய கதை அடங்கியிருக்கிறது. அயோவாவில் பெண் பிள்ளைகள் ஆறு பேர் கொண்ட கூடைப்பந்து ஆடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1920-இல் முதல் மாநிலப் போட்டி. 1925-இல் பெரிய நகரத்துக்காரர்கள் பெண்களுக்கு இது ஆகாது என்று நிறுத்தப் பார்த்தபோது, சிற்றூர்ப் பள்ளிகளின் தலைமை அதிகாரிகள் தனியாகப் பெண்களுக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கத்தையே தொடங்கிவிட்டார்கள். 1968-இல் யூனியன்-விட்டன் பள்ளியின் டெனீஸ் லாங், ஒரே ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்தார். அந்த ஆண்டு மாநில இறுதி ஆட்டத்தில் எவர்லி ஊரை 113-க்கு 107 என்று வென்றார்கள். மறு வருடம் ஆண்களின் என்.பி.ஏ. தேர்வில் சான்பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி அவர் பெயரைச் சொன்னது. லீகின் தலைவர் அதை ஏற்கவில்லை. டெனீஸ் லாங்கின் விட்டனில் இன்று 150 பேர்கூட இல்லை. 1993-இல் ஆறு பேர் ஆட்டம் நின்றது. கேசீஸில் காபி குடித்துக்கொண்டிருந்த எழுபது வயது கடந்த ஓர் அம்மாள், தான் தடுப்பு வரிசையில் ஆடியதாகச் சொல்லி, மேசைகளுக்கு நடுவே எழுந்து நின்று, கைகளை அகல விரித்து, கால்களைப் பக்கவாட்டில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். "நாலு வருஷத்தில் நான் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. எடுக்க விட்டதும் இல்லை" என்றார். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

கேரல் நகரைத் தாண்டியதும் ஆர்க்கேடியா, வெஸ்ட்சைட், வேல் என்று மூன்று ஊர்கள், சாலையிலும் ரயில் பாதையிலும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் சேர்த்தாலும் 1,500 பேர் தேறாது. ஒவ்வோர் ஊரின் பெயரிலிருந்தும் முதல் இரண்டு எழுத்தை எடுத்து 'ஆர்-வீ-வா' என்று பள்ளிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி நடுவிலிருக்கும் வெஸ்ட்சைடில். வரைபடத்தில் அந்தப் பெயரில் ஊர் கிடையாது. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் தன் ஊராக முதலில் அதைத்தான் சொல்லும். மூன்று ஊர்கள் தங்கள் பெயரில் பாதியைக் கொடுத்து ஒரு பள்ளியைக் காப்பாற்றியிருக்கின்றன. நம்மிடம் சாதிக்கும் கட்சிக்கும் பெயர் வைக்க நடக்கும் சண்டைகளைப் பார்த்தவனுக்கு, இந்த மூன்று ஊர்க்காரர்களை நினைத்தால் மரியாதையே வருகிறது.

இன்னோர் ஊரில், மூடிய பள்ளிக் கட்டடத்தை ஊர் அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம். அந்த நடைக்கூடத்தில் நின்றது மட்டும் போதும். சுவர் நெடுக, ஆண்டுக்கு ஒன்றாகப் படிப்பு முடித்தவர்களின் படச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முட்டை வடிவில் வெட்டிய முகங்கள், கீழே பெயர். 1910-களில் ஐந்தாறு பேர், உயர்ந்த காலர், யாரும் சிரிக்கவில்லை. 1930-களில் பெண்கள் முடி சுருண்டது. 1940-களில் இரண்டு முகங்களின் கீழே சின்ன நட்சத்திரம், போரில் போனவர்கள். 1960-களில் சட்டம் நிறைந்து, நாற்பது முகங்கள் நெருக்கியடித்தன. ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன: தாத்தா, அப்பா, மகள், அதே தாடை. பிறகு முகங்கள் வண்ணத்துக்கு மாறின, சிரித்தன, குறைந்தன. கடைசிச் சட்டத்தில் ஏழு பேர். அதற்கு அப்புறம் ஆணிகூட அடிக்காத வெறும் சுவர். அறையைத் திறந்துவிட்ட தன்னார்வலர் அந்த ஏழில் மூன்றாவது முகத்தைச் சுட்டி, "என் பையன். ஒமாஹாவில் இருக்கிறான்" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் பார்க்காமல் போகக் கூடாது என்று அவரே சொன்னார். பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகள் எட்டுப் பேர் வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. மைதானமும் சிறிது, 80 கஜம். பல மைல் தூரத்திலேயே விளக்குக் கம்பங்களின் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு அப்பால் வயலில் அறுவடை இயந்திரங்கள் தங்கள் விளக்குகளோடு ஊர்ந்துகொண்டிருந்தன. எலிவேட்டரில் சோளம் உலர்த்தும் விசிறியின் ரீங்காரம் இரவு முழுக்க நிற்பதில்லை. அறுவடை யாருக்காகவும் காத்திருக்காது. ஆனாலும் இடைவேளைக்குச் சற்று முன்னால், உமி படிந்த தொப்பியும் பூட்ஸுமாக ஒருவர் ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் எண் பன்னிரண்டு. கால் மணி நேரம் பார்த்தார், மகன் ஒரு முறை பந்தோடு ஓடினான், இவர் கத்தியதில் தொண்டை கட்டியது, மறுபடி வண்டியேறி வயலுக்குப் போய்விட்டார். கட்டணம் வாங்கியது கணித ஆசிரியர். சிற்றுண்டிக் கடையில் பெற்றோர்கள். இடைவேளையில் வாத்தியக் குழு இறங்கியபோது, ஆட்டக்காரர்களில் இருவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதே சீருடையில் டிரம்பெட்டோடு வரிசையில் நின்றார்கள். ஆள் பற்றாக்குறைதான் காரணம். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆடவும் வாசிக்கவும் கற்றிருந்தார்கள் என்பதும் உண்மை. பெரிய நகரத்துப் பள்ளியில் இதில் ஒன்றுக்குத் தேர்வாவதே பாடு.

டெனிசனில் காட்சி மாறுகிறது. 1961-இல் ஒரு பெரிய இறைச்சி நிறுவனம் தன் முதல் ஆலையை இங்கே தொடங்கியது. அந்தத் தொழிலை நம்பி மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இன்று இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் லத்தீன் அமெரிக்க வழியினர். பக்கத்து ஊர்கள் பிள்ளைகள் இல்லாமல் பள்ளியைச் சேர்க்கும்போது இங்கே வகுப்பறை நிறைகிறது. கடைத்தெருவில் தகரத் தட்டில் ரொட்டிகளை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மெக்சிகோ அடுமனை ஒன்றில் சாப்பிட்டோம். கல்லாவில் இருந்த பெண் அம்மாவிடம் ஸ்பானிய மொழியிலும் எங்களிடம் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டே இயற்பியல் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆலை வேலை கடினம், கத்தி வேலை, கை மரத்துப்போகும் வேலை. அந்த அம்மாக்களும் அப்பாக்களும் அதைச் செய்வது இந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்துக்காக. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இதே ரயில் பாதையோரம் வந்திறங்கியவர்களும் இதற்காகத்தான் வந்தார்கள்.

டெனிசனுக்குப் பிறகு பாயர் ஆற்றின் போக்கில் சாலை தென்மேற்காகச் சரிகிறது, சதுரங்களை மறந்து. வுட்பைனில் மட்டும் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்குங்கள். 1921-இல் செங்கல் பதித்த பழைய லிங்கன் சாலை பதினொரு தெருத் துண்டுகளுக்கு அப்படியே இருக்கிறது. வண்டியின் சன்னலை இறக்கி மெதுவாக ஓட்ட வேண்டும்.

சிகாகோவிலிருந்து ஒமாஹா போகிற தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எண்பதில் போனால் நேரம் மிச்சம். ஒரு தடவை முப்பதில் போய்ப் பாருங்கள். செப்டம்பர் பிற்பாதி அல்லது அக்டோபர், வெள்ளிக்கிழமையாக இருந்தால் உத்தமம். காலை ஏழரைக்கும் மாலை மூன்றரைக்கும் மஞ்சள் பஸ்களுக்குப் பின்னால் நிற்க வேண்டி வரும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு எந்த ஊரில் விளக்குக் கம்பம் எரிகிறதோ அங்கே திரும்புங்கள். சிற்றுண்டிக் கடையில் எதையாவது வாங்குங்கள், அந்தப் பணம் வாத்தியக் குழுவுக்குப் போகிறது. உள்ளூர்க்காரர் பக்கம் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி, அங்கே பள்ளிக்கூடம் எப்படி என்றுதான் இருக்கும்.